ஃபேன்டஸி வீடியோ கேம்களில் எல்லா இனப் பெண்களுக்கும் ஒரே உடல் ஏன்? வடிவமைப்பின் பின்னணி என்ன?

தொம்மலூர் (பெங்களூரு): ஃபேன்டஸி வகை வீடியோ கேம்களில் ஆண் கதாபாத்திரங்கள் இனத்துக்கு இனம் வெவ்வேறு உருவத்தில் இருக்க, பெண் கதாபாத்திரங்கள் மட்டும் பெரும்பாலும் ஒரே மெல்லிய உடல்வாகுடன் வருவது நீண்ட காலமாக விவாதிக்கப்பட்டு வருகிறது. இதற்குக் கலைஞர்களின் ரசனை மட்டும் காரணமல்ல. செலவு, தொழில்நுட்பம், சந்தைக் கணக்கு ஆகியவையும் இதில் பங்கு வகிக்கின்றன. வெளிநாட்டு நிறுவனங்களுக்காக உருவங்களைச் செய்து கொடுத்து வந்த இந்தியக் கலைஞர்கள், இப்போது சொந்தக் கதைகளைக் கொண்டு விளையாட்டுகளை உருவாக்கத் தொடங்கியுள்ள நிலையில், இந்தக் கேள்வி இங்கும் எழுந்துள்ளது.

எல்ஃப், குள்ளர், ஓர்க், பல்லி முகத்தினர், பூனை முகத்தினர் என இனங்களின் பட்டியலுடன்தான் இத்தகைய விளையாட்டுகள் தொடங்குகின்றன. ஆண் உருவங்களில் ஒருவர் கூன் முதுகுடன் நிற்பார், மற்றொருவருக்குப் பீப்பாய் போன்ற மார்பு இருக்கும், இன்னொருவருக்குக் குளம்பும் தந்தமும் இருக்கும். அதே பட்டியலில் பெண்களைத் தேர்வு செய்தால், தோலின் நிறமும் காதின் நீளமும் மட்டும் மாறி, இடையும் தோளும் முகவெட்டும் அப்படியே தொடர்வதைப் பல விளையாட்டுகளில் காணலாம்.

பெங்களூருவுக்கு என்ன தொடர்பு?

இந்தியாவின் முதல் வீடியோ கேம் நிறுவனங்களில் ஒன்றான துருவா இன்டராக்டிவ், 1997ஆம் ஆண்டு பெங்களூருவில் ராஜேஷ் ராவ் என்பவரால் தொடங்கப்பட்டது. வெளிநாட்டு நிறுவனங்கள் தயாரிக்கும் பெரிய விளையாட்டுகளுக்குத் தேவையான முப்பரிமாண உருவங்களைச் செய்து தருவதே அதன் முக்கியப் பணியாக வளர்ந்தது. அந்நிறுவனத்தை 2017இல் ஸ்வீடனின் ஸ்டார்பிரீஸ் நிறுவனம் வாங்கியது. பின்னர் 2019இல், ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ விளையாட்டுகளைத் தயாரிக்கும் ராக்ஸ்டார் நிறுவனம் அதை வாங்கித் தனது பெங்களூரு பிரிவுடன் இணைத்துக் கொண்டது.

அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், கேமிங், காமிக்ஸ் துறைகளுக்கென 2012ஆம் ஆண்டிலேயே தனிக் கொள்கை வகுத்த முதல் மாநிலம் கர்நாடகா என்பது குறிப்பிடத்தக்கது. எனினும் இங்குள்ள கலைஞர்களில் பலர் செய்வது ஒப்பந்தப் பணி. ஓர் இனத்துப் பெண் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், தோள் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதை வேறொரு நாட்டில் இருக்கும் கலை இயக்குநர் முடிவு செய்து அனுப்புவார். அதைத் துல்லியமாகச் செய்து முடிப்பதே இங்குள்ளவரின் வேலை. அந்த முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பதைப் புரிந்துகொள்ள, இந்த ‘இனங்கள்’ எங்கிருந்து வந்தன என்பதைப் பார்க்க வேண்டும்.

இனங்கள் பிறந்த கதை

ஃபேன்டஸி விளையாட்டுகளில் இன்று காணும் எல்ஃப், குள்ளர், ஓர்க் ஆகிய இனங்களுக்கு இன்றைய வடிவத்தைத் தந்தவர் ஆங்கில எழுத்தாளர் ஜே.ஆர்.ஆர்.டோல்கீன். அவரது ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. குள்ளர் இனத்தில் பெண்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லை என்றும், தோற்றத்திலும் குரலிலும் அவர்களை ஆண்களிடமிருந்து பிற இனத்தார் பிரித்தறிய முடியாது என்றும் அந்நூலின் பின்னிணைப்பில் அவர் குறிப்பிட்டுள்ளார். அதாவது, பெண் என்றாலே மெல்லிய உடல் என்ற விதி இந்த மரபின் தொடக்கத்தில் இல்லை.

1974இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டு, டோல்கீனின் இனங்களை எண்களாக மாற்றியது. கதாபாத்திரங்களுக்கு வலிமை, வேகம், அறிவு எனப் புள்ளிகள் வழங்கப்பட்டன. 1978ஆம் ஆண்டின் மேம்பட்ட பதிப்பில் பாலினமும் கணக்கில் சேர்க்கப்பட்டது. உதாரணமாக, ஹாஃப்லிங் எனப்படும் குறு மனிதர் இனத்தில் ஆணின் வலிமை 17 வரை செல்லலாம். பெண்ணின் வலிமை 14ஐத் தாண்டக் கூடாது. மந்திரமும் டிராகனும் உலவும் கற்பனை உலகில் பெண்ணின் வலிமைக்கு மட்டும் ஏன் வரம்பு என்ற விமர்சனம் எழுந்தது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் இந்த வரம்பு கைவிடப்பட்டது.

எண்களில் இருந்து நீங்கிய வரம்பு, உருவத்தில் நீடித்தது. கணினித் திரையில் வரைகலை மேம்பட்டபோது, எந்த இனத்துப் பெண்ணாக இருந்தாலும் அவள் அழகாகத் தெரிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு வடிவமைப்பை வழிநடத்தியது. வாங்குபவர்கள் பெரும்பாலும் இளைஞர்களே என்று தயாரிப்பாளர்கள் கருதியது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஓர் உடல் எப்படி உருவாகிறது?

கதாபாத்திர வடிவமைப்பில் முதலில் தீர்மானிக்கப்படுவது நிழல் வடிவம். முகமும் ஆடையும் இல்லாமல், கறுப்பு நிழலாக மட்டும் காட்டினாலும் இது எந்த இனம் என்று தெரிய வேண்டும் என்பது இத்துறையின் அடிப்படைப் பாடம். பல வீரர்கள் ஒரே நேரத்தில் மோதும் விளையாட்டில், தொலைவில் வருபவர் யார் என்பதை நொடிப்பொழுதில் அறிய இந்த நிழலே உதவுகிறது. எல்லா இனப் பெண்களுக்கும் ஒரே உடல் தரப்பட்டால், முதலில் பாதிக்கப்படுவது இந்த அடையாளம்தான்.

அடுத்து வருவது விகிதம். ஓவியர்கள் உடலின் உயரத்தைத் தலையின் அளவைக் கொண்டு கணக்கிடுகின்றனர். சராசரி மனிதருக்கு ஏழரைத் தலை, வீர நாயகருக்கு எட்டுத் தலை அல்லது அதற்கு மேல், குள்ளர் இனத்துக்கு நான்கு அல்லது ஐந்து தலை என்று வைத்துக் கொள்வது வழக்கம். தலையின் எண்ணிக்கையுடன் தோள், இடுப்பு, கை கால்களின் நீளம், உடல் எடை விழும் இடம் ஆகியவையும் சேர்ந்தே ஓர் இனத்தை உருவாக்குகின்றன.

அதன்பின் முப்பரிமாண உருவம் செதுக்கப்பட்டு, அதனுள் எண்ம எலும்புக்கூடு பொருத்தப்படுகிறது. இதற்கு ரிக்கிங் என்று பெயர். எந்த எலும்பு அசைந்தால் தோலின் எந்தப் பகுதி எவ்வளவு நகர வேண்டும் என்பது அடுத்த கட்டம். இறுதியாக நடை, ஓட்டம், வாள்வீச்சு, விழுதல் என ஒவ்வோர் அசைவும் அந்த எலும்புக்கூட்டுக்கு ஏற்ப அமைக்கப்படும்.

செலவு கூடுவது இந்த இடத்தில்தான். 2004இல் வெளியான ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ 8 இனங்களுடன் தொடங்கியது. இனத்துக்கு ஆண், பெண் என இரண்டு வீதம் 16 உடல்கள். இத்தகைய ஒரு விளையாட்டில் 200 கவச உடைகள் இருப்பதாக வைத்துக் கொண்டால், 3,200 முறை உடை பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு பாலினத்துக்கும் இரண்டு உடல்வாகுகள் தர முடிவு செய்தால் அந்த எண்ணிக்கை 6,400 ஆகிவிடும். தோள் கவசம் கழுத்துக்குள் புதைவதும், கொம்பு தலைக்கவசத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே தெரிவதும் சரிபார்க்கப்படாத உடல்களின் அடையாளங்கள். ஒரே அடிப்படை உடலைப் பல இனங்களுக்கும் பயன்படுத்திக் கொண்டால் இந்த வேலை பெருமளவு குறையும்.

செலவு மட்டும்தான் காரணமா?

செலவு உண்மையான காரணம். ஆனால் அது முழுக் காரணம் அல்ல என்பதை 2014ஆம் ஆண்டின் ஒரு சர்ச்சை வெளிப்படுத்தியது. ‘அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி’ விளையாட்டின் கூட்டு ஆட்டத்தில் பெண் கதாபாத்திரம் இல்லாதது குறித்துக் கேட்கப்பட்டபோது, அசைவுகளையும் குரல்களையும் இரட்டிப்பாக்க வேண்டியிருக்கும் என்று யூபிசாஃப்ட் நிறுவனத் தரப்பில் விளக்கம் அளிக்கப்பட்டது. அதே தொடரின் முந்தைய விளையாட்டு ஒன்றில் அனிமேஷன் பணிக்குத் தலைமை வகித்த ஜோனதன் கூப்பர் இதை மறுத்தார். தமது மதிப்பீட்டில் அது ஓரிரு நாள் வேலைதான் என்று அவர் சமூக ஊடகத்தில் தெரிவித்தார். ஆணுக்கென அமைத்த அசைவுகளில் பெரும்பாலானவற்றைப் பெண் உருவத்துக்கும் பயன்படுத்த முடியும் என்பதே அந்த விவாதத்தின் மையம். திட்டத்தின் தொடக்கத்திலேயே முடிவு செய்யப்பட்டால் குறைந்த செலவில் முடியும் பணி, இறுதிக் கட்டத்துக்குத் தள்ளப்பட்டால் இயலாத ஒன்றாகத் தோன்றும்.

ஓர் இனத்தின் ஆணும் பெண்ணும் வெவ்வேறு உயிரினங்களைப் போல் தெரியும் நிலையும் உண்டு. ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டின் டிரேனை இனத்தில் ஆணுக்கு மலை போன்ற தோள்களும் முகவாயில் இருந்து தொங்கும் உணர்கொம்புகளும் உள்ளன. பெண்ணோ, கொம்பும் குளம்பும் சேர்க்கப்பட்ட மெல்லிய மனித உருவமாகவே இருக்கிறாள். இந்த அழுத்தம் ஆண் உருவத்தையும் விட்டுவைக்கவில்லை. 2007ஆம் ஆண்டு அறிமுகமான பிளட் எல்ஃப் இனத்தின் ஆண் உருவம், முன்னோட்டத்தில் பெண்மைத் தோற்றத்துடன் இருப்பதாக விளையாடுபவர்கள் குறை கூறியதை அடுத்து, வெளியீட்டுக்கு முன்பே தசைகள் கூட்டப்பட்டுப் பருமனாக்கப்பட்டது.

உயிரியலுக்குப் பொருந்தாத உருவங்களும் விமர்சனத்துக்கு உள்ளாகின. ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ தொடரில் வரும் ஆர்கோனியன் என்னும் பல்லி இனம் முட்டையில் இருந்து பிறப்பது. ஆயினும் அந்த இனப் பெண்களுக்குப் பாலூட்டிகளைப் போல மார்பகங்கள் அமைக்கப்பட்டுள்ளன. பெண் என்பதைத் தெரிவிக்க வேறு வழியே இல்லையா என்பதுதான் இதன் மீதான கேள்வி. இயற்கையைப் பார்த்தால் வழிகள் ஏராளம். கழுகு, வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகளில் பெண்ணே உருவில் பெரியது. புள்ளிக் கழுதைப்புலிகளில் பெண்ணே கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறது. மயிலில் நிறமும் தோகையும் ஆணுக்குரியவை.

மாற்றம் எப்படி வந்தது?

2012ஆம் ஆண்டு வெளியான ‘கில்ட் வார்ஸ் 2’ விளையாட்டின் சார் இனம் இதில் குறிப்பிடத்தக்க முயற்சி. பெரிய பூனையை ஒத்த இந்த இனத்தின் பெண்களுக்கு மனித மார்பகங்கள் வைக்கப்படவில்லை. சற்றே ஒல்லியான தேகம், அடர்ந்த முடியுடைய வால், கொம்பின் அளவு ஆகியவற்றைக் கொண்டே பெண் என்பது உணர்த்தப்பட்டது. அதே ஆண்டில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டில் சேர்க்கப்பட்ட பாண்டரென் என்னும் பாண்டா இனத்தின் பெண்கள், அகன்ற இடுப்பும் பருத்த தேகமும் கொண்டவர்களாக வந்தனர்.

பிற்காலத்தில் ‘ஆண்’, ‘பெண்’ என்ற பெயர்களுக்குப் பதிலாக உடல் வகைகளைத் தரும் முறை பரவியது. 2022இல் வெளியான ‘எல்டன் ரிங்’ இரண்டு உடல் வகைகளை எழுத்துகளால் மட்டும் குறிக்கிறது. 2023இல் வெளியான ‘பால்டர்ஸ் கேட் 3’ மனிதர், எல்ஃப் உள்ளிட்ட சில இனங்களுக்கு நான்கு உடல் வகைகளைத் தருகிறது. தசை வலுவுள்ள பெண்ணுடலும் அவற்றில் ஒன்று. ஆனால் அதே விளையாட்டில் குள்ளர் போன்ற இனங்களுக்கு இரண்டே வகைகள்தான். இனத்தின் பட்டியலில் இடம்பெறுவதும், உடலில் தேர்வு பெறுவதும் வேறு வேறு என்பதை இது காட்டுகிறது.

சொல்லும் மாறியுள்ளது. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ தனது 2024ஆம் ஆண்டு விதிநூலில் ‘ரேஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் கைவிட்டு ‘ஸ்பீஷீஸ்’ என்ற சொல்லை ஏற்றது. முதலாவது மனிதரை நிறத்தாலும் வம்சத்தாலும் பிரிக்கும் சொல்; இரண்டாவது உயிரியல் வகைப்பாட்டைக் குறிப்பது. தமிழில் இவ்விரண்டுக்கும் ‘இனம்’ என்ற ஒரே சொல்லே வழங்குவதால், மொழிபெயர்ப்பில் இந்த வேறுபாடு புலப்படுவதில்லை.

சிற்ப நூல்கள் சொல்லும் அளவு

உடலின் விகிதத்தைக் கொண்டு உயிர்களை வகைப்படுத்தும் முறை இந்தியாவுக்குப் புதியதல்ல. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் சூழ்ந்த தொம்மலூரிலேயே அந்த மரபின் சாட்சி ஒன்று உள்ளது. தமிழ்க் கல்வெட்டுகள் கொண்ட பழமையான சொக்கநாத சுவாமி கோயில் இங்குதான் இருக்கிறது. பெயர் சிவனுக்குரியதைப் போல ஒலித்தாலும் இது பெருமாள் கோயில். இத்தகைய கோயில்களின் திருமேனிகளைச் செய்யும் சிற்பிகள் பின்பற்றுவது தாள முறை. ஒரு தாளம் என்பது ஏறத்தாழ ஒரு முகத்தின் நீளம். அது 12 அங்குலங்களாகப் பகுக்கப்படும். இன்றைய ஓவியர்களின் ‘தலைக் கணக்கு’ இதனுடன் பெரிதும் ஒத்துப்போகிறது.

சிற்ப நூல்களைத் தொகுத்து ஆராய்ந்த டி.ஏ.கோபிநாத ராவ் தரும் கணக்கின்படி, பிரம்மா, விஷ்ணு, சிவன் ஆகியோருக்கு உத்தம தச தாளம், அதாவது 124 அங்குலம். திருமகள், கலைமகள், உமை உள்ளிட்ட தேவியருக்கு மத்திம தச தாளம், 120 அங்குலம். மனிதருக்கு எட்டுத் தாளம், வேதாளங்களுக்கு ஏழு, பிள்ளையாருக்கு ஐந்து, வாமன உருவங்களுக்கு நான்கு, பூதங்களுக்கு மூன்று என அளவு குறைந்துகொண்டே வரும். நூலுக்கு நூல் சில வேறுபாடுகள் உண்டு என்றாலும், ஒவ்வொரு வகை உயிருக்கும் தனி உடல் என்ற அடிப்படை எல்லாவற்றிலும் உள்ளது.

120 அங்குலப் பட்டியலில் உள்ள தேவியர் அனைவரும் ஒரே உடலைப் பெறவில்லை என்பது இங்கு கவனிக்க வேண்டியது. அப்பட்டியலில் இடம்பெறும் மூத்ததேவி எனப்படும் சேட்டை, பருத்த வயிறும் தளர்ந்த மார்பும் உடையவளாகச் செதுக்கப்படுகிறாள். காக்கைக் கொடி அவளுக்குரியது. கழுதை அவளது வாகனம். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில் பல்லவர் காலத்துச் சேட்டையின் சிற்பத்தைக் காணலாம். ஏழு கன்னியரில் ஒருத்தியான சாமுண்டி, எலும்பும் தோலுமான உடலுடன் அவர்களோடு அமர்ந்திருப்பாள். அழகிய உடலை உதறிப் பேய் வடிவம் வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையாரின் செப்புத் திருமேனி ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. வற்றிய மார்பும் புடைத்த எலும்புகளும் கொண்ட அந்த உருவம், கையில் தாளத்துடன் பாடும் நிலையில் வார்க்கப்பட்டது. சோழர் காலத்துச் செப்புச் சிற்பி பார்வதியையும் வார்த்தார், இந்த அம்மையையும் வார்த்தார். இரண்டையும் மக்கள் வணங்கினர்.

இந்திய விளையாட்டுகள் செய்தது என்ன?

புனேவைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ‘ராஜி: ஆன் ஏன்சியன்ட் எபிக்’ இந்தத் திசையில் முக்கியமானது. அசுரர்களால் கடத்தப்பட்ட தம்பி கோலுவைத் தேடிச் செல்லும் ராஜி என்ற சிறுமியே இதன் நாயகி. அவள் வித்தைக் கூட்டத்தில் வளர்ந்தவள் என்பதால் சுவரேறுவதும் தாவுவதும் சுழல்வதும் அவளது உடலுக்கு இயல்பாகப் பொருந்துகின்றன. நிறுவனர்களில் ஒருவரான ஸ்ருதி கோஷ் கலை இயக்குநராகப் பணியாற்றினார். கவர்ச்சியை முன்னிறுத்தாமல் கதாபாத்திரத்தின் தொழிலில் இருந்து உடலை வடிவமைத்த இந்த விளையாட்டு, அவ்வாண்டின் ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பரிந்துரையையும் பெற்றது.

ஃபேன்டஸி வகையைச் சேராவிட்டாலும், கனடாவின் விசை கேம்ஸ் நிறுவனம் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’ இங்கு குறிப்பிடத்தக்கது. புலம்பெயர்ந்த தமிழ்த் தாய் ஒருத்தி அதன் நாயகி. இளம் மனைவியாக அறிமுகமாகும் அவள், கதை நகர நகர நரை கூடி மூப்படைகிறாள். இந்த விளையாட்டு 2024ஆம் ஆண்டு பாஃப்டா விழாவில் சிறந்த அறிமுக விளையாட்டு விருதை வென்றது. வயதான பெண்ணுடலைக் காட்டினால் விளையாட யாரும் வரமாட்டார்கள் என்ற வாதத்துக்கு எதிராக இதைச் சுட்டிக்காட்ட முடியும்.

வடிவமைப்பாளர் முன் உள்ள கேள்விகள்

ஒரு கற்பனை இனத்தின் பெண்ணை வடிவமைக்கும்போது விடை காண வேண்டிய கேள்விகள் சிலவே. இந்த இனம் எங்கே வாழ்கிறது, எதைச் சுமக்கிறது, எப்படிப் போரிடுகிறது? ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாடு அந்த இனத்தின் இயல்பில் இருந்து வருகிறதா, அல்லது பார்ப்பவரின் விருப்பத்தில் இருந்து வருகிறதா? நிழலாகக் காட்டினாலும் அவள் எந்த இனம் என்று தெரிகிறதா? அந்த இனத்தில் கிழவியும் தாயும் சிறுமியும் எப்படி இருப்பார்கள்?

இக்கேள்விகள் எப்போது கேட்கப்படுகின்றன என்பதும் முக்கியம். எலும்புக்கூடு பொருத்தப்பட்டு, உடைகள் தைக்கப்பட்ட பிறகு உடலை மாற்றுவது வீட்டைக் கட்டி முடித்த பின் அடித்தளத்தை மாற்றுவதைப் போன்றது. முதல் கோட்டோவியம் வரையப்படும் நாளிலேயே முடிவு செய்துவிட்டால், கவசங்களும் அசைவுகளும் அந்த உடலுக்கு ஏற்பத் திட்டமிடப்படும்.

ஒப்பந்தப் பணியில் அந்த முதல் நாள் இந்தியக் கலைஞரின் கையில் இருப்பதில்லை. அந்த வேலைவாய்ப்பே எவ்வளவு நிலையற்றது என்பதை, 2025ஆம் ஆண்டு தொடக்கத்தில் டெக்னிகலர் குழுமத்தின் வீழ்ச்சியால் அதன் பெங்களூரு, மும்பைப் பிரிவுகள் முடங்கியபோது ஆயிரக்கணக்கான ஊழியர்கள் உணர்ந்தனர். சொந்தக் கதைகளுடன் விளையாட்டுகளை உருவாக்கும் இந்திய நிறுவனங்களில் மட்டுமே அந்த முதல் கோட்டை வரையும் உரிமை இங்குள்ள கலைஞருக்குக் கிடைக்கிறது. யட்சி, அரக்கி, நாகப் பெண், பேய்மகள் எனப் பெண் உருவங்களுக்குப் பஞ்சமில்லாத கதை மரபில் இருந்து அவர்கள் எந்த உடலை வரையப் போகிறார்கள் என்பது, இனி வரும் விளையாட்டுகளின் கதாபாத்திரத் தேர்வுப் பக்கங்களில் தெரியவரும்.